ஆத்தங்குடிக் கல்லும் அணு மாதிரியும்: வகுப்பில் எந்த வழி நல்லது?

பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு வகுப்பில் ஒவ்வொரு வருடமும் முதல் நாள் ஒரு கேள்வி கேட்பேன்: "கொள்கைக்கும் விதிக்கும் என்ன வித்தியாசம்?" தேவகோட்டை, பள்ளத்தூர், கல்லல் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவர்கள். பதில் மட்டும் மாறுவதே இல்லை. "கொள்கையை நிரூபிச்சுட்டா அது விதி ஆயிடும் மேடம்."

அப்படி ஆவதில்லை. வாயுவை அழுத்தினால் பருமன் எந்தக் கணக்கில் குறையும் என்று 1662இல் ராபர்ட் பாயில் சொன்னது விதி. ஏன் குறைகிறது என்பதை, ஓடித் திரியும் துகள்களை வைத்து விளக்குவது இயக்கக் கொள்கை. அது முழு உருவம் பெற இன்னும் இரு நூற்றாண்டு ஆனது. வந்த பிறகும் விதி விதியாகவே இருக்கிறது, கொள்கை கொள்கையாகவே இருக்கிறது. அந்த விளக்கத்துக்காக நாம் கட்டிக்கொள்ளும் படம்தான் மாதிரி. துகளுக்குப் பருமனே இல்லை, ஒன்றையொன்று இழுப்பதும் இல்லை என்று வேண்டுமென்றே எளிமையாக்கி வைத்த படம். இந்த 'வேண்டுமென்றே'தான் பிள்ளைகளுக்குப் போய்ச் சேருவதில்லை. சேர்க்க மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் நடத்திப் பார்த்திருக்கிறேன்.

முதல் வழி, முடிந்த மாதிரியை நேராகக் கரும்பலகையில் போடுவது. அணு என்றால் ஷ்ரோடிங்கர் சமன்பாடு, எஸ், பி, டி ஆர்பிட்டால்கள், அடுத்த யூனிட். நேரம் மிச்சம். நான் படித்ததும் இப்படித்தான், பல வருடம் நடத்தியதும் இப்படித்தான். ஒருமுறை வைவா என்ற வாய்மொழித் தேர்வில், பி ஆர்பிட்டாலை அச்சுப் போட்ட மாதிரி வரைந்த மாணவியிடம், "எலக்ட்ரான் இதுல எங்கம்மா இருக்கும்?" என்று கேட்டேன். பென்சிலை எடுத்து, வரைந்த கோட்டின் மேலேயே எட்டுப் போட்டுக் காட்டினாள். "இந்த வழியாச் சுத்தும் மேடம்." படம் ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்த 1926க்குப் பிந்தியது, மனதில் ஓடியது எலக்ட்ரான் வட்டப் பாதையில் சுற்றுவதாக நீல்ஸ் போர் 1913இல் சொன்ன மாதிரி. தப்பு அவளுடையது இல்லை. அந்தக் கோடு எலக்ட்ரானின் பாதை அல்ல, அது இருப்பதற்கு 90 சதவீத வாய்ப்புள்ள இடத்தைச் சுற்றி நாம் போட்ட வேலி என்று நான் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்கவில்லை.

அதற்காக இந்த வழியை ஒதுக்கிவிட மாட்டேன். குவாண்டம் இயக்கவியலை எந்தப் பிள்ளையும் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுக்கும்போதே அது எங்கே செல்லாது என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். துகளுக்குப் பருமனும் இழுப்பும் இல்லாத அந்தப் படத்தை, அதாவது நல்லியல்பு வாயுவை நடத்தும்போது வராந்தாவில் மாட்டியிருக்கும் கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பு சிலிண்டரைக் காட்டுவேன். 31 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதற்குள் திரவம் இருக்கும். சித்திரை வெயிலில் சிலிண்டர் அந்த வெப்பநிலையைத் தாண்டிவிட்டால், எவ்வளவு அழுத்தினாலும் திரவம் கிடையாது. துகள்கள் ஒன்றையொன்று இழுக்காது என்று வைத்துக்கொண்ட மாதிரியிலோ திரவம் உண்டாக வழியே இல்லை. அந்த இழுப்பையும் துகளின் பருமனையும் வான் டெர் வால்ஸ் 1873இல் கணக்கில் சேர்த்தார். இதற்கு ஆவது ஐந்து நிமிடம்தான்.

இரண்டாவது, வரலாற்று வழி. அணு மாதிரி என்றால் தாம்சன் 1904, ரூதர்ஃபோர்டு 1911, போர் 1913 என்று வரிசையாக வருவது. பாடப்புத்தகங்களுக்குப் பிடித்த வழி. இதில் எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு. ஆளும் ஆண்டும் மனப்பாடமாகி, 'பழையவர் எல்லாம் தப்பு, கடைசியாக வந்தவர் சரி' என்பதுதான் பிள்ளைகளிடம் தங்குகிறது. ஹைட்ரஜனின் ஆற்றல் மட்டங்களுக்கு இன்றும் போர் கொடுத்த கணக்கு அப்படியே பொருந்துகிறது என்பது அவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

காரைக்குடியில் வரலாற்று வழிக்கு அணுவைவிட நல்ல பாடம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரியைத் தெரியாத பிள்ளை இங்கே இல்லை. அந்த மின்வேதியியல் நிலையத்தில் நடக்கும் ஆய்வு எதை எடுத்தாலும், மின்கலமோ துரு தடுப்போ, உலோகமும் கரைசலும் தொடுகிற அந்த மெல்லிய இடத்துக்குத்தான் வந்து சேரும். அங்கே அயனிகள், அதாவது கரைசலில் மின்னூட்டம் உள்ள துகள்கள், எப்படி நிற்கின்றன? எதிரெதிரே இரண்டு தகடு போல நிற்கின்றன என்றார் 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அப்படி ஒட்டி நிற்காது, வெப்ப அசைவில் கலைந்து பரவியிருக்கும் என்றார்கள் கூயும் (1910) சாப்மனும் (1913). அவர்கள் அயனியை வெறும் புள்ளியாக எடுத்துக்கொண்டதால், மின்னழுத்தம் ஏறியதும் நடக்கவே முடியாத அளவு அயனிகள் பரப்பில் குவிவதாகக் கணக்கு வந்தது. 1924இல் ஸ்டெர்ன் அயனிக்கு ஓர் அளவைக் கொடுத்து, ஒட்டிய அடுக்கையும் பரவிய அடுக்கையும் சேர்த்து வைத்தார். இதில் யாரும் தோற்கவில்லை. ஒவ்வொரு மாதிரியின் குறையும்தான் அடுத்ததைக் கேட்டு வாங்கியது. இப்படிப்பட்ட பாடம் கிடைத்தால் வரலாற்று வழியே சிறந்தது. கிடைக்காவிட்டால் அது வெறும் பெயர்ப் பட்டியல்.

மூன்றாவது வழி, கண்ணால் பார்ப்பதை வைத்து மாணவர்களே மாதிரி கட்டி, அவர்களே உடைப்பது. முதல் செமஸ்டருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் போடுவதை எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ண சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவார்கள். அப்புறம் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். சிமெண்ட் ஏன் இறுகுகிறது என்று கேட்டால் வகுப்பே "காஞ்சு இறுகுது" என்கிறது. மோசமான மாதிரி இல்லை. வடகமும் வத்தலும் மண் சுவரும் அப்படித்தான் இறுகுகின்றன. "அப்ப எதுக்குத் தண்ணியில போடுறாங்க?" என்றதும் அமைதி. போன வருடம் ஒரு பையன் மெதுவாக, "எங்கப்பா கொத்தனாரு மேடம். கான்கிரீட் போட்டா மேல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துவாரு. காஞ்சா வெடிச்சிரும்பாரு" என்றான்.

இரண்டு மாதிரிகள் களத்தில் இறங்கிவிட்டன: தண்ணீர் வெளியே போய் இறுகுகிறது, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. எது சரி என்று நான் சொல்வதில்லை. சிமெண்டைக் குழைத்து, காற்றுப் புகாமல் பாலித்தீன் உறையில் கட்டி, எடை போட்டு வைக்கச் சொல்வேன். எடை என்ன ஆகும் என்று இரண்டு கட்சியும் முன்கூட்டியே நோட்டில் எழுதிவிட வேண்டும். இந்த எழுதி வைப்பதை விடவே கூடாது. எழுதாவிட்டால் முடிவு வந்த பிறகு எல்லோரும் "நானும் அதைத்தான் நினைச்சேன்" என்பார்கள். மறுநாள் உறையைத் தொட்டால் கல். எடை இறங்கவில்லை. இதற்குப் பிறகு, லெ ஷாட்லியே என்ற வேதியியலர் சிமெண்டுக்குள் படிகங்கள் பின்னிக்கொள்வதாகச் சொன்னதையும், 1893இல் மிகாயேலிஸ் அது கூழ் போன்ற பொருள் என்று மறுத்ததையும், இருவர் பக்கமும் கொஞ்சம் உண்மை இருந்ததையும் சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

செலவு? நேரம்தான். முதல் வழியில் ஒரு மணி நேரத்தில் முடிவதற்கு இங்கே நான்கு மணி நேரம் போகிறது. போர்ஷன் முடிக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். அதனால் செமஸ்டருக்கு ஒரு பாடம், மிஞ்சினால் இரண்டு. மற்றதெல்லாம் எல்லையோடு சேர்த்த முதல் வழி. சிக்ரிக்குப் போய்வரும் வாரத்தில் மட்டும் வரலாறு.

அதே வகுப்பு, 'தண்ணீரோடு வினைபுரிந்தால் இறுகும்' என்ற புது மாதிரியோடு சுண்ணாம்புக்குப் போனது. குழைத்த சுண்ணாம்பையும் பாலித்தீனில் கட்டினார்கள். இரண்டு வாரம் கழித்தும் கட்டை விரல் உள்ளே இறங்கியது. வெளியில் வைத்த துண்டோ மேலே இறுகியிருந்தது. அதற்கு வேண்டியது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. 74 கிராம் நீற்றிய சுண்ணாம்பு முழுதும் மாறினால் 100 கிராம் கால்சியம் கார்பனேட். வெளித்துண்டை உடைத்து, மாறாத சுண்ணாம்பு இருந்தால் ரோஜா நிறம் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் விட்டோம். ஓரம் நிறமில்லாமல் நிற்க, நடுவில் ரோஜா நிறம் பரவியது. காற்று இன்னும் அங்கே எட்டவில்லை.

கானாடுகாத்தான் பிள்ளை ஒருத்தி மறுவாரம் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாள். அவர்கள் தாத்தா காலத்து வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் மழைக்கு உதிர்ந்த சுண்ணாம்புச் சுவர்ப் பூச்சு. உடைத்து, நடுவில் அவளே சொட்டு விட்டாள். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். நிறம் வரவில்லை.

"உள்ள வரைக்கும் போயிருச்சு மேடம்" என்றாள்.