இன்யோ கவுண்டியின் நினைவுப் பலகைகள்: வாசகத்தை எழுதியவர் யார்?

கலிபோர்னியாவின் கிழக்கு எல்லையை ஒட்டி, சியரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தில் இன்யோ கவுண்டி இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து மாமத் ஏரிப் பக்கம் காரில் போகிறவர்கள் 395ஆம் எண் நெடுஞ்சாலையில் இதன் ஓவன்ஸ் பள்ளத்தாக்கைக் கடந்துதான் செல்கிறார்கள். ஆனால் விட்னி மலையைப் படம் எடுத்துக்கொள்வதோடு சரி, சாலையோரத்து நினைவுப் பலகைகளுக்காக வண்டியை நிறுத்துபவர்கள் குறைவு. லோன் பைன், இண்டிபெண்டன்ஸ் ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள சிலவற்றை நின்று படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பலகையின் மதிப்பை, அதன் வாசகத்தை எழுதியவர் யார் என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது, இவ்விரு ஊர்களுக்கும் இடையே உள்ள மான்சனார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் ஆணையின் பேரில், மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் வீடு, கடை, வயல் அனைத்தையும் விட்டுவிட்டுப் பத்து முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். மான்சனார் முகாமில் மட்டும் ஒரே சமயத்தில் 10,000 பேருக்கு மேல் முள்வேலிக்குள் வைக்கப்பட்டிருந்தார்கள். 1945 நவம்பரில்தான் அது மூடப்பட்டது.

நுழைவாயிலில், முகாமில் இருந்த ரியோசோ காடோ என்ற கொத்தனார் கட்டிய கல் காவல்கூண்டு இன்றும் நிற்கிறது. அதில் பதித்திருப்பதுதான் மாநிலத்தின் 850ஆம் எண் வரலாற்றுச் சின்னப் பலகை. 1973இல் இது வைக்கப்படுவதற்கு முன்பு, ஒவ்வொரு சொல்லுக்காகவும் வாதாட வேண்டியிருந்தது. இளம்பெண்ணாக இதே முகாமில் அடைபட்டிருந்த சூ குனிடோமி எம்ப்ரியும் அவருடைய மான்சனார் கமிட்டியினரும், 'கான்சென்ட்ரேஷன் கேம்ப்' என்ற சொல்லும் இனவெறி என்ற சொல்லும் பலகையில் இருந்தே தீர வேண்டும் என்று நின்றார்கள், அதிகாரிகள் தயங்கினார்கள். இறுதியில், கமிட்டி கேட்ட இன்னொரு சொல்லான 'பேராசை' என்பதற்குப் பதிலாகப் 'பொருளாதாரச் சுரண்டல்' என்று மாற்றி உடன்பாடு ஏற்பட்டது, மற்ற இரண்டும் நிலைத்தன. அந்த வாசகம் பொறுக்காமல் யாரோ பலகையைக் கொத்திச் சேதப்படுத்திய தழும்பு வெண்கலத்தில் இருக்கிறது. அதை மழுப்பிப் புதுப் பலகை வைக்காமல் விட்டதே சரி என்பது என் கருத்து, ஏனென்றால் அந்தத் தழும்பும் படிக்க வேண்டிய ஒன்றுதான்.

உள்ளே, முகாமின் பழைய அரங்கம் 2004 முதல் காட்சிக்கூடமாக இயங்குகிறது. தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பு, கட்டணம் இல்லை. மேற்கூரையிலிருந்து தொங்கும் பெரிய திரையில் இங்கே இருந்தவர்கள் அத்தனை பேரின் பெயர்களும் அச்சிடப்பட்டிருக்கின்றன, 22 நிமிட ஆவணப்படம் ஒன்றும் காட்டுகிறார்கள். வெளியே உணவுக்கூடமும், மீண்டும் கட்டப்பட்ட குடியிருப்புக் கொட்டகையும் காவல் கோபுரமும் உள்ளன. கொட்டகைக்குள் நுழைந்து, பலகைச் சுவரையும் வரிசைக் கட்டில்களையும் பார்த்தாலே, ஒரே அறையை முன்பின் தெரியாத குடும்பங்கள் பகிர்ந்துகொண்டதன் பொருள் விளங்கிவிடும். சுற்றுப்பாதையில் காரிலேயே போகலாம் என்றாலும், கைதிகள் தாங்களே அமைத்த தோட்டங்களின் கற்களும் வறண்ட குளங்களும் நடந்து சென்றால்தான் கண்ணில் படும்.

பாதையின் மேற்குக் கோடியில் இடுகாடு. 1943 ஆகஸ்டில் கத்தோலிக்கரான காடோவும் இளம் பௌத்தர் சங்கத்தினரும் சேர்ந்து எழுப்பிய வெள்ளை ஸ்தூபி, முன்புறம் மூன்று கருப்பு ஜப்பானிய எழுத்துகளுடன் மலையைப் பின்னணியாகக் கொண்டு நிற்கிறது. அடியில் காகிதக் கொக்கு மாலைகளும் காசுகளும் கூழாங்கற்களும் வைக்கப்பட்டிருக்கின்றன. சிறைப்பட்டவர்கள் சிறைக்குள்ளேயே தங்களுக்காகக் கட்டிய நினைவுச்சின்னம் என்பதால், இந்தக் கவுண்டியில் நான் பார்த்தவற்றில் இதையே முதன்மையானதாக மதிக்கிறேன்.

லோன் பைனுக்குச் சற்று வடக்கே, 1872 மார்ச் 26 நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் பொதுக்கல்லறை இருக்கிறது (507ஆம் எண்). ஊரில் 27 பேர் இறந்ததையும், அவர்களில் 16 பேர் வேலியிட்ட இந்த இடத்தில் ஒன்றாகப் புதைக்கப்பட்டதையும் பலகை சொல்கிறது. பெயர்கள் இல்லை. ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது இண்டிபெண்டன்ஸ் ஊருக்கு வடக்கே, இண்டிபெண்டன்ஸ் கோட்டையைப் பற்றிய 349ஆம் எண் பலகை. 1862 ஜூலை 4 அன்று கர்னல் ஜார்ஜ் எவன்ஸ் படையோடு வந்து முகாமிட்டதையும், 1877இல் கோட்டை கைவிடப்பட்டதையும் கூறிவிட்டு, இந்தப் பள்ளத்தாக்கில் குடியேற்றம் நிகழ இந்தக் கோட்டையே வழிவகுத்தது என்று அது முடிகிறது. அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் பையூட் பழங்குடி மக்கள். 1863 கோடையில் ராணுவம் அவர்களில் ஏறத்தாழ 1,000 பேரை டெஹோன் கோட்டைக்கு நடத்தியே கொண்டுசென்றது. அதைப் பற்றி இந்தப் பலகையில் ஒரு வார்த்தை கிடையாது. அவர்களுடைய சந்ததியினரின் குடியிருப்பு இப்போதும் இதே பகுதியில் இருக்கும்போது, அவர்கள் வாசகம் எழுதிய இன்னொரு பலகையைப் பக்கத்தில் வைக்க மாநிலத்துக்கு என்ன தடை?

இந்தக் குறையைச் சற்று ஈடுசெய்வது, ஊருக்குள் இருக்கும் கிழக்குக் கலிபோர்னியா அருங்காட்சியகம். பையூட், ஷோஷோனி பெண்கள் முடைந்த கூடைகளின் சிறந்த தொகுப்பு அங்கே உண்டு, மான்சனார் முகாமைப் பற்றிய பகுதியும் இருக்கிறது. கோடையில் போவதாக இருந்தால், மான்சனாரில் வெயிலும் புழுதிக்காற்றும் கடுமையாக இருக்கும், நிழல் அரிது. ஆகவே இடுகாட்டையும் தோட்டங்களையும் காலையிலேயே பார்த்து முடித்துவிட்டு, காட்சிக்கூடத்தையும் அருங்காட்சியகத்தையும் நண்பகலுக்கு வைத்துக்கொள்வது நல்லது. மான்சனாருக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள், தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள்.