லோஷன் பாட்டிலின் பின்பக்கம்: மாய்ஸ்சரைசர்களை உட்பொருள் பார்த்து வாங்கிய அனுபவம்

எனக்கு வறண்ட சருமம். குளித்த பிறகு எதுவும் தடவாமல் விட்டால் முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளையாகச் செதில் எழும்பிவிடும் என்பதால், சென்னையின் வெயில் காலத்தில்கூட மாய்ஸ்சரைசரை நான் நிறுத்துவதில்லை. பல்பொருள் அங்காடியில் கிடைக்கும் விலை குறைந்த லோஷன் முதல் தோல் மருத்துவர் எழுதித் தரும் கிரீம் வரை பலவற்றைப் பல ஆண்டுகளாக பாட்டில் காலியாகும்வரை பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் பெரிதாக அச்சிட்டிருக்கும் பெயரைவிட, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலின் முதல் ஆறேழு பெயர்களே அந்த லோஷன் என் தோலுக்கு எந்த அளவு உதவும் என்பதைச் சரியாகச் சொல்லியிருக்கின்றன.

நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கப்பட்ட பொருள்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும். அதற்குக் குறைவானவற்றைப் பின்னால் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். இந்த ஒரு சதவீத எல்லை எங்கே விழுகிறது என்பதைப் பாட்டிலில் குறிக்க மாட்டார்கள். அதை ஊகிக்க எனக்கு உதவுவது பினாக்சிஎத்தனால் என்ற பதப்படுத்தும் பொருள். ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு விதித்துள்ள உச்சவரம்பு 1 சதவீதம் என்பதால், அந்த வரம்புக்குள் தயாரிக்கப்பட்ட ஒரு லோஷனில் அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டியிருக்காது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பாதாம் படம் போட்ட ஒரு லோஷனின் பட்டியல் தண்ணீர், மினரல் ஆயில், கிளிசரின், ஸ்டியரிக் அமிலம் என்று தொடங்கி, டைமெத்திகோன், பினாக்சிஎத்தனால், வாசனைப் பொருள் ஆகியவற்றைக் கடந்த பிறகுதான் பாதாம் எண்ணெய்க்கு வந்தது. பாதிக்கும் குறைவான விலையில் அருகிலேயே இருந்த, படம் எதுவும் இல்லாத இன்னொரு லோஷனிலும் முதல் நான்கு பெயர்கள் அவையே. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பயன்படுத்தியபோது, மணம் தவிர வேறு எந்த வேறுபாடும் என் காலில் தெரியவில்லை. கூடுதலாகக் கொடுத்த பணம் படத்துக்கும் மணத்துக்கும்தான் போயிற்று.

ஆனால் பட்டியலின் கடைசியில் இருப்பதாலேயே ஒரு பொருள் வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செராமைடு (தோலில் இயற்கையாகவே இருக்கும் ஒரு கொழுப்பு), ரெட்டினால் (வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்) போன்றவை மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்யக்கூடியவை. செராமைடின் வகைகளான என்பி, ஏபி, ஈஓபி ஆகியவற்றோடு கொலஸ்ட்ரால், பைட்டோஸ்பிங்கோசின் என்ற கொழுப்புப் பொருள்களும் சேர்ந்து வந்தால், அது பெரும்பாலும் ஆயத்தக் கலவையாக வாங்கிச் சேர்க்கப்பட்டதாக இருக்கும். அத்தகைய கிரீம் ஒன்றை நீண்ட நாள் பயன்படுத்தியதில், குளித்ததும் கன்னத்தில் வரும் இழுவை எனக்கு நன்றாகவே குறைந்தது. ஆனாலும் அந்தக் கிரீமின் முதல் வரிசையில் கிளிசரினும் பெட்ரோலேட்டமும் (வாஸ்லின் போன்ற பெட்ரோலிய ஜெல்லி) இருந்தன. பெரும்பங்கு வேலையை அவைதான் செய்திருக்கும் என்பது என் கணிப்பு.

கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பெட்ரோலேட்டமும் டைமெத்திகோனும் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடாமல் மேலே மூடிக்கொள்ளும். காற்றிலேயே ஈரம் மிகுந்த சென்னையில் கிளிசரின் முன்னணியில் இருக்கும் இலகுவான லோஷனே எனக்குப் போதும். நாள் முழுவதும் ஏசி அறையில் இருக்கும்போதும், டிசம்பரில் ஊட்டி, பெங்களூரு பக்கம் போகும்போதும் அதே லோஷன் ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. அப்போது பெட்ரோலேட்டம் முதல் ஐந்து பெயர்களுக்குள் இருக்கும் கிரீமையே எடுக்கிறேன். குதிகாலுக்கு இவை இரண்டும் போதாது. 10 சதவீத யூரியா கலந்த கிரீம்தான் அங்கே பலன் தந்தது, வெடிப்பு திறந்திருந்தால் எரியும் என்றாலும்.

ஆல்கஹால் என்று பார்த்ததும் பயந்து ஒதுக்குபவர்கள், செட்டியரில் ஆல்கஹால் தோலை உலர்த்தாத மெழுகு போன்ற கொழுப்புப் பொருள் என்பதை அறிந்துகொள்வது நல்லது. உண்மையில் கவனிக்க வேண்டியது வாசனைப் பொருள். எத்தனை பொருள்கள் கலந்திருந்தாலும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிட முடிவதால், ஒவ்வாமை வந்தால் எதனால் வந்தது என்று பயன்படுத்துபவருக்குத் தெரியாமலே போகிறது. ஐரோப்பாவில் லினலூல், லிமோனீன் போன்ற மணப்பொருள்களை, கழுவாமல் விடும் பொருள்களில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே பெயர் சொல்லி எழுத வேண்டும். அந்தத் தெளிவு இங்கேயும் கட்டாயமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'மணமற்றது' என்று எழுதியிருந்தாலும் மூலப்பொருள்களின் வாடையை மறைக்க ஏதேனும் சேர்த்திருக்கலாம் என்பதால், பட்டியலையும் பார்த்த பிறகே வாங்குகிறேன்.

வாங்கும் ஒவ்வொரு பாட்டிலின் பட்டியலையும் கைபேசியில் படம் எடுத்து வைக்கிறேன். நான் வழக்கமாக வாங்கும் ஒரு கிரீமின் பெட்டி, நிறம், பெயர் எதுவும் மாறாமல், சென்ற முறை கிளிசரின் ஓரிடம் கீழே இறங்கி, முன்பு இல்லாத வாசனைப் பொருள் உள்ளே வந்திருந்தது. பழைய படம் இருந்ததால் கடையிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அதை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டேன்.