1994 கொரோலா, பன்னிரண்டு வருடம்: மிஸ்ஸிங்கும் பிக்கப் குறைவும்

2012 இல் ரங்கூனில் கார் விலை சரியத் தொடங்கியபோது இந்த வண்டியை வாங்கினேன். அதற்கு முன் ஒரு பழைய கொரோலா வாங்க வீட்டை விற்க வேண்டும் என்ற நிலை. ஜப்பானில் இருந்து பழைய கார்களைக் கொண்டுவர 2011 இல் வழி திறந்தபிறகுதான் எங்களைப் போன்றவர்களுக்கும் எட்டியது. என்னுடையது 1994 மாடல், ஏஇ100 பாடி, 5ஏ-எஃப்இ என்ஜின், 1498 சிசி, ஆட்டோ கியர். பிளக்குக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். பன்னிரண்டு வருடத்தில் இது என்னை நடுரோட்டில் முழுதாகக் கைவிட்டது ஒரே ஒரு தடவை. ஆனால் மிஸ்ஸிங்கும் (ஏதாவது சிலிண்டரில் தீ பிடிக்காமல் என்ஜின் குலுங்குவது) பிக்கப் குறைவும் (மிதித்தாலும் வேகம் ஏறாதது) மூன்று முறை வந்தன. மூன்று முறையும் காரணம் வேறு. முதல் இரண்டு முறை தேவையில்லாமல் நிறையப் பணம் போட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பிக்கப் இல்லாத வண்டி ஆபத்து. 1970 முதல் பர்மாவில் சாலையின் வலப்பக்கம்தான் ஓட்டம். ஆனால் என் கார் ஜப்பான் வண்டி, ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முன்னால் போகும் பஸ்ஸை முந்த வேண்டுமென்றால் எதிரே வருவது எனக்குத் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் மனைவி எட்டிப் பார்த்து, "வாங்க, இப்ப போகலாம்" என்று சொன்னால்தான் போவேன். அவள் சொன்ன நொடியில் வண்டி இழுக்க வேண்டும். பெகு போகும் சாலையில் ஒரு நாள் அவள் சொன்னாள், நானும் மிதித்தேன், வண்டி திணறிக்கொண்டு பஸ்ஸின் பக்கத்திலேயே நின்றது. எதிரே லாரி. எப்படியோ பின்வாங்கிவிட்டோம். அன்றிலிருந்து "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்று இதைத் தள்ளிப் போடுவதே இல்லை.

முதல் தடவை வந்தது 2014 மழைக்காலத்தில். காலையில் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் (மிதிக்காமல் நிற்கும்போது) குலுங்கும், கியரில் போட்டால் ஜெர்க் அடிக்கும். வெயில் ஏறினால் எல்லாம் சரியாகிவிடும். முதலில் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் பிளக் நான்கையும் மாற்றினார்கள், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றினார்கள், கடைசியில் பெட்ரோல் பம்பையும் மாற்றினார்கள். இரண்டு நாள் நன்றாக இருந்தது. இப்போது யோசித்தால் அந்த இரண்டு நாளும் மழை இல்லை.

அப்புறம் ரங்கூனின் தாக்கேத்தா பகுதியில் இருக்கும் நம்ம தமிழ் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "தம்பி, எப்ப மிஸ்ஸாகுது? குளிர்ந்திருக்கும்போதா, சூடான பிறகா? மழையிலா, மேட்டுல ஏறும்போதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மழைக் காலையில் மட்டும் என்றதும், "ராத்திரி கரண்ட் போனதும் வண்டியை எடுத்துட்டு வா" என்றார்.

போனேன். தெரு முழுக்க இருட்டு. என்ஜினை ஓடவிட்டு, பானட்டைத் தூக்கி, செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலால் பிளக் ஒயர்கள் மேல் பனி போல மெல்லிசாகத் தண்ணீர் அடித்தார். இரண்டாவது ஒயர், வால்வு கவரைத் தொட்டுக்கொண்டு போகும் இடத்தில், ஊதா நிறத்தில் பொறி ஓடியது. மெல்லிய நூல் போல ஒரு கோடு, 'டிக் டிக்' என்று சத்தம். அதே நேரம் என்ஜின் குலுங்கியது. பகலில் அந்த ஒயரைக் கையில் எடுத்துப் பார்த்தால் புதுசு மாதிரிதான் இருந்தது. மல்டிமீட்டர் வைத்து மின்தடையைப் பார்த்தோம். டொயோட்டா கணக்குப்படி ஒரு ஒயர் 25 கிலோ ஓமுக்கு மேல் காட்டக் கூடாது, இது நாற்பதைத் தாண்டியது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பென்சிலால் கீறியது போல ஒரு கரிக்கோடு, ஒரு முனையில் இருந்து இன்னொரு முனைக்கு. ஈரம் பட்டதும் பொறி அந்தக் கோட்டின் வழியே ஓடிவிடும். ஒயர் செட், மூடி, அதனுள் சுற்றும் ரோட்டார் மூன்றையும் மாற்றினோம். அடுத்த மழைக்காலம் முழுக்க ஒரு மிஸ் இல்லை. திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவில் வாளி வாளியாக ஊற்றியும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். பிடுங்கினாலும் சத்தம் மாறவில்லையென்றால் அந்த சிலிண்டர்தான். முறை சரி. ஆனால் பிடுங்கிய ஒயரை அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள், காயிலும் அதை இயக்கும் இக்னைட்டரும் கெட்டுப்போகும். ஒரு பழைய பிளக்கை மாட்டி என்ஜின் இரும்பில் படும்படி வையுங்கள். வெறும் கையால் தொடவே வேண்டாம். நீண்ட நேரமும் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும்.

இரண்டாவது தடவைதான் என்னை ரொம்ப அலையவைத்தது. 2018 இல் மெதுவாகத் தொடங்கியது. மிதித்தால் முதலில் ஒரு மந்தம், அப்புறம்தான் ஏறும். தன்லின், நம் பெரியவர்கள் இன்னும் சிரியம் என்று சொல்லும் ஊர், அங்கே போகும் பாலத்தின் மேட்டில் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கும் அளவுக்கு மந்தம். பின்புறம் லேசான கறுப்புப் புகை. பெட்ரோல் செலவு ஏறியது. புதுப் பிளக் போட்டால் ஒரு வாரம் நன்றாக ஓடும், மறுபடி மிஸ்ஸடிக்கும். கழற்றினால் நான்கும் ஒரே மாதிரி, விளக்குக் கரி படிந்த கண்ணாடி போல மெத்தென்ற கறுப்பு.

இந்த நான்கும் ஒரே மாதிரி என்பதை நான் கவனிக்காமல் விட்டேன். ஒரு பிளக் மட்டும் கறுப்பாக இருந்தால் காரணம் அந்த சிலிண்டரின் ஒயர், இன்ஜெக்டர் (பெட்ரோல் பீச்சுவது) அல்லது கம்பிரஷன் (உள்ளே காற்று அழுந்தும் அளவு). நான்குமே கறுத்தால், நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்று பெட்ரோலை அதிகமாக ஊற்றுகிறது. அது தெரியாமல் மறுபடி பிளக், திராட்டில் கிளீனிங், ஆக்ஸிஜன் சென்சார் என்று போனேன். ஒரு இடத்தில் டைமிங்கையும் (பிளக் பொறி விடும் நேரம்) காதால் கேட்டுத் திருப்பிவிட்டார்கள். இந்த என்ஜினில் டைமிங் பார்ப்பதற்கு முன் என்ஜின் பக்கத்தில் இருக்கும் சின்னக் கறுப்பு டயக்னாசிஸ் பெட்டியைத் திறந்து டி.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு ஓட்டைகளையும் ஒரு கம்பித் துண்டால் இணைக்க வேண்டும். அப்படி இணைத்து டைமிங் லைட் அடித்தால் 10 டிகிரி காட்ட வேண்டும். கம்பி இல்லாமல் வைத்தால் கணக்கே தப்பு. அந்தக் காதுக் கணக்கால் பிக்கப் இன்னும் குறைந்தது.

அதே கம்பிதான் என்ஜின் கம்ப்யூட்டர் பேசும் வழியும். சாவியை ஆன் செய்து, என்ஜினை ஓடவிடாமல் பார்த்தால் டாஷ்போர்டில் என்ஜின் விளக்கு சிமிட்டும். விடாமல் சீராகச் சிமிட்டினால் குறை எதுவும் பதிவாகவில்லை. மூன்று முறை சிமிட்டி, நிறுத்தி, ஒரு முறை சிமிட்டினால் 31, இன்டேக் காற்றின் அழுத்தத்தைப் பார்க்கும் வேக்கும் சென்சார். 41 என்றால் திராட்டில் சென்சார், 14 என்றால் இக்னிஷன் சிக்னல். ஸ்கேனர் வேண்டாம், ஒரு பேப்பர் கிளிப் போதும். எனக்கு ஒன்றுமே வரவில்லை, சீரான சிமிட்டல்தான். அதனால் சென்சார் பக்கம் சுத்தம் என்று நினைத்துவிட்டேன்.

மறுபடி அண்ணனிடம்தான் போனேன். அவர் பிளக்கைப் பார்த்துவிட்டு நேராக வேக்கும் சென்சாருக்குப் போகும் ஹோஸைப் பிடித்தார். சுண்டு விரல் கனம்கூட இல்லாத கறுப்பு ரப்பர் குழாய். மேலே பார்த்தால் பளபளப்பு. நுனியை மடக்கினார். அடிப்பக்கம் வாய் திறப்பது போல ஒரு வெடிப்பு. கையை எடுத்ததும் மூடிக்கொண்டது.

இந்த என்ஜினில் காற்றை நேரடியாக அளக்கும் கருவி கிடையாது. இன்டேக்கில் எவ்வளவு வேக்கும் இருக்கிறது என்பதை அந்தச் சின்னக் குழாய் வழியாக சென்சார் பார்க்கிறது. அதை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. குழாய் வெடித்து வெளிக்காற்று நுழைந்தால் வேக்கும் குறைந்ததாகத் தெரியும். "ஓகோ, டிரைவர் நன்றாக மிதிக்கிறார்" என்று நினைத்துப் பெட்ரோலை அள்ளி ஊற்றும். சென்சாரின் ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் 31 வரும். ஒயர் நன்றாக இருந்து, வரும் செய்தி மட்டும் தப்பாக இருந்தால் கம்ப்யூட்டருக்கு அது குறையாகவே தெரியாது. அண்ணன் நுனியில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி செருகினார். அவ்வளவுதான். ஐடில் இறங்கி நின்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. டைமிங்கையும் கம்பி போட்டு 10 டிகிரிக்குக் கொண்டுவந்தார். கூலி வாங்க மாட்டேன் என்றார். லபேயே (பர்மியத் தேநீர்) கடையில் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் எல்லா ரப்பர் ஹோஸையும் புதிதாக மாற்றிவிட்டேன். முப்பது வருட வண்டியில் ரப்பர்தான் முதலில் சாகிறது.

மூன்றாவது சுலபம். 2022 இல் சீரான ரோட்டில் நன்றாகப் போகும், மேட்டில் தொடர்ந்து மிதித்தால் மூச்சு அடைத்தது போல இழுவை நின்றுவிடும். காலை நடுத்தரமாக வைத்தால் போகும். இது பெட்ரோல் போதாத அறிகுறி. என்ஜின் பின்பக்கச் சுவரில் இருக்கும் பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே வரும் வாய் வழியாக வெள்ளைத் தட்டில் கவிழ்த்தேன். துருநிறத் தண்ணீர். ரோட்டோரத்தில் பாட்டிலில் விற்றதை அவசரத்துக்கு ஊற்றிய பலன். ஒரே ஃபில்டர் மாற்றத்தில் சரியாகிவிட்டது.

இப்போது நாலாவதாக ஒன்று தலைகாட்டுகிறது. ஐடிலில் லேசான துடிப்பு, மழையா வெயிலா என்ற வித்தியாசமே இல்லை. இந்த முறை எதையும் வாங்கவில்லை. போன வாரம் கம்பிரஷன் கேஜ் கடன் வாங்கி, என்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துப் பார்த்தோம். முதல் சிலிண்டர் 12.5, இரண்டாவது 12.5, மூன்றாவது 11.2, நான்காவது 12.4 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு). 10க்குக் கீழே போகக் கூடாது, அது பரவாயில்லை. ஆனால் சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் ஒரு கிலோவுக்குள் இருக்க வேண்டும், மூன்றாவது அதைத் தாண்டிவிட்டது. அதில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். ஏறவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஏறியிருக்கும், ஆக வால்வு அல்லது ஹெட் கேஸ்கட் பக்கம்தான். ஹெட்டை இறக்குவதற்கு முன் வால்வு இடைவெளியை அளந்துவிடலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். வால்வு கவரின் கேஸ்கட் வந்ததும், வரும் ஞாயிறு காலை குளிர்ந்த என்ஜினில் அளக்கப் போகிறோம்.