கான்செப்ட் 2 ரோயிங் மெஷின்: நான்கு மாதம் இழுத்த பிறகு

துடுப்புப் போடுவதுபோல் வீட்டிலேயே இழுத்துப் பயிற்சி செய்யும் இந்த மெஷினை என்னை வாங்க வைத்தவர் எலிசபெத்தா லிப்பா, ருமேனியாவின் துடுப்புப் படகு வீராங்கனை. ஆறு ஒலிம்பிக், எட்டுப் பதக்கம், அதில் ஐந்து தங்கம். முதல் தங்கம் 1984 லாஸ் ஏஞ்சலஸில், இருவர் படகில். கடைசித் தங்கம் 2004 ஏதென்ஸில், எட்டுப் பேர் படகில். அப்போது அவருக்கு வயது 39. எனக்கும் இப்போது 39.

டெலிவரிக்காரர்கள் கீழேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். நானும் தம்பியும்தான் இரண்டாம் மாடிக்குத் தூக்கினோம். எட்டடி நீளம் என்பதால் சோபாவை நகர்த்த வேண்டியிருந்தது. முடிந்ததும் இரண்டாகக் கழற்றிச் சுவரோரம் நிறுத்திவிடலாம். மோட்டார் கிடையாது. கைப்பிடியை இழுத்தால் சங்கிலி ஓடி முன்னாலிருக்கும் காற்றாடியைச் சுழற்றும். வேகமாக இழுக்க இழுக்கக் கனக்கும்.

காற்றாடிக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்க, பக்கத்தில் 1 முதல் 10 வரை ஒரு டேம்பர் உண்டு. முதல் வாரம் 10இல் வைத்து இழுத்து, இடுப்பு பிடித்து, மூன்று நாள் குனிய முடியவில்லை. இப்போது 4. முதலில் காலால் உதைக்க வேண்டும், பிறகு முதுகு சாய வேண்டும், கடைசியில்தான் கை மடங்க வேண்டும். இந்த வரிசை உடம்பில் ஏறவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

நான் தினமும் இழுப்பது 2000 மீட்டர். 1984இல் பெண்களுக்கு 1000 மீட்டர்தான். அடுத்த ஒலிம்பிக்கில் அது இரட்டிப்பானது. 1992இல் லிப்பா தனியாளாக 2000 மீட்டரை 7 நிமிடம் 25 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார், அதுவும் தண்ணீரில். என் நேரம் 11:52. 1200ஐத் தாண்டியதும் தொடை எரிய ஆரம்பிக்கும், திரையில் எண்கள் நகரவே நகராது. அந்த இடத்தில் அவரை நினைத்துக்கொள்வேன்.

2015 நவம்பரில் ருமேனியப் பிரதமர் டாச்சியான் சோலோஷின் அமைச்சரவையில் லிப்பா இளைஞர் நலன், விளையாட்டுத் துறை அமைச்சரானார். அந்த அரசு 2017 ஜனவரியோடு முடிந்தது. அந்தப் பதவியைவிட, 2009 முதல் படகோட்டச் சம்மேளனத் தலைவராக அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ருமேனியப் பெண்கள் தங்கம் வென்றது அதே இருவர் படகில். அந்தப் பந்தயத்தை மொபைலில் ஓடவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் இழுக்கிறேன்.

இடம் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். காற்றாடி நன்றாகவே இரையும்; அடியில் ரப்பர் விரிப்பு போட்டு, கீழ் வீட்டு அக்காவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.