ஃபின்னியப் பெயர்களுக்கு உருபு சேர்க்க ஓர் இலவச வழிகாட்டி

பின்லாந்தில் 1976இல் தொடங்கப்பட்ட மொழி நிறுவனமான கோதுஸ், ‘ஒஹ்யெபங்கி’ என்ற மொழிப்பயன்பாட்டு வழிகாட்டியை இணையத்தில் கட்டணமின்றி வழங்குகிறது. ஃபின்னிய மொழி கற்பவர்களுக்கு அதில் பெரிதும் உதவுபவை, ஆட்பெயர்களும் இடப்பெயர்களும் வேற்றுமை உருபு ஏற்கும் விதத்தை விளக்கும் பக்கங்களே என்பது என் கருத்து.

ஃபின்னியத்தில் ஏறத்தாழ 15 வேற்றுமைகள் உண்டு. நம் ‘மரம்’ உருபேற்கும்போது ‘மரத்தை’ ஆவதுபோல அங்கும் சொல்லின் உடலே மாறிவிடுகிறது. பெக்கா என்பவருடையதைச் சொல்லும்போது இரட்டைக் ககரம் ஒற்றையாகிப் ‘பெகன்’ என்றாகும். ஆனால், பொதுச்சொல்லாக ஒரு விதமாகவும் பெயராக வேறு விதமாகவும் திரியும் சொற்களே கற்பவரை உண்மையில் திணறடிக்கின்றன. ‘மெரி’ என்றால் கடல். கடலினுடைய என்பதற்கு ‘மெரென்’ என்பர், மெரி என்ற பெண்ணினுடைய என்பதற்கோ ‘மெரின்’ என்பர். காற்றைக் குறிக்கும் ‘தூலி’யும் பெண்பெயராகும்போது ‘தூலென்’ என்பதை விட்டு ‘தூலின்’ ஆகிறது. நிலமுனை என்று பொருள்படும் நியெமி குடும்பப்பெயராக வந்தால் மட்டும் ‘நியெமென்’ என்ற பழைய திரிபே நிலைக்கிறது. இவ்வாறு முதற்பெயரையும் குடும்பப்பெயரையும் பிரித்தறியாமல் பொதுச்சொல் அகராதியை மட்டும் நம்புபவர் தவறுவது உறுதி என்பதால், பெயர்களுக்கெனத் தனிப் பக்கங்கள் ஒதுக்கியிருப்பதை இதன் முதல் சிறப்பாகச் சொல்வேன்.

இடப்பெயர்களில் வேறொரு தொல்லை உண்டு. துர்கு நகரில் என்பதற்குத் ‘துருஸ்ஸா’ என்றும், தம்பெரே நகரில் என்பதற்குத் ‘தம்பெரேல்லா’ என்றும் வெவ்வேறு உருபுகள் வருகின்றன. எந்த ஊருக்கு எது என்பதைப் பெரும்பாலும் உள்ளூர் வழக்கே முடிவு செய்கிறது.

குறைகளும் உண்டு. விளக்கங்கள் முழுவதும் ஃபின்னிய மொழியிலேயே இருப்பதால், ‘கெனெதீவி’, ‘பர்த்திதீவி’ போன்ற இலக்கணச் சொற்களை முன்பே அறியாத தொடக்கநிலையாளர் முதல் பத்தியிலேயே நின்றுவிடுவார். பெயரின் பிறப்பைத் தேடி வருபவருக்கும் இங்கே அதிகம் கிடைக்காது. ஐனோ என்ற பெயர் ‘ஐனன்’ என்றாகாமல் ‘ஐனோன்’ என்றே வரும் என்பதை இதைக்கொண்டு அறியலாம். ஆனால், நாட்டுப்பாடல்களில் ‘ஒரே’ என்ற பொருளில் அடைமொழியாக நின்ற அச்சொல்லை எலியாஸ் லொன்ரூத் தாம் தொகுத்த ஃபின்னியக் காவியமான கலேவலாவின் 1849ஆம் ஆண்டுப் பதிப்பில் பெண்ணின் பெயராக்கினார் என்பதை அறிய வேறு நூலைத்தான் நாட வேண்டும். ஓரளவு ஃபின்னியம் படித்துவிட்டுக் கடிதமோ கட்டுரையோ எழுதத் தொடங்கியவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். மற்றவர்கள் ஓர் அடிப்படை இலக்கண நூலை முடித்துவிட்டு வரலாம்.