நன்னடத்தை அலுவலகத்தின் பதிவேடு: பதினான்கு மாத அனுபவம்

கடைமடையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகரின் நன்னடத்தை அலுவலகத்துக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும். பதினான்கு மாதங்களாக என் தம்பி அங்கே போய்வருகிறான்; பாதி நாட்கள் நானும் உடன் போயிருக்கிறேன். மதகுத் தண்ணீருக்காகப் பங்காளியோடு ஏற்பட்ட தகராறில் மண்வெட்டிக் காம்பால் அடித்துக் காயப்படுத்தினான் என்பது வழக்கு. அவன் அதை ஒப்புக்கொண்டான். முதல் குற்றம், வயது இருபத்திரண்டு என்பதைக் கருதி, நீதிமன்றம் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 4-ஆம் பிரிவின் கீழ் இரண்டு ஆண்டுப் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவித்தது. காயம்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கவும், நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் இருக்கவும் உத்தரவிட்டது.

இப்படி விடுவிக்கப்பட்டவர்களுக்கு அரசு அளிக்கும் மேற்பார்வையும் ஒரு சேவைதான். கட்டணம் இல்லை. ஆனால் அது சரியாக நடக்கிறதா என்பது ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே மாற்றிவிடும் என்பதால், அனுபவித்த வகையில் அதை மதிப்பிட்டு எழுதுகிறேன். என் அளவுகோல் ஒன்றே: நிபந்தனையில் சிறு பிசகு நேர்ந்தால் அந்த அலுவலகம் என்ன செய்கிறது?

முதல் மூன்று மாத அனுபவம் கசப்பானது. தம்பி அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறான். நாற்பது கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி; லாரி எப்போது வருகிறதோ அப்போது வேலை, வராத நாளில் கூலி கிடையாது. மார்கழியில் தீர்ப்பு, தையும் மாசியும் சம்பா அறுவடை. மாசியில் இரண்டு முறை கையெழுத்துப் போடும் தேதியன்று லாரி வந்துவிட்டது, அவன் போகவில்லை. அப்போது பொறுப்பில் இருந்த அலுவலர் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஊருக்கும் வரவில்லை. நேராக நீதிமன்றத்துக்கு அறிக்கை போய்விட்டது. சம்மன் வந்த அன்று அம்மா அடுப்பை மூட்டவே இல்லை.

அம்மாவின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. நிபந்தனையை மீறியதாக நீதிமன்றம் கண்டால், 9-ஆம் பிரிவின்படி ஆரம்பக் குற்றத்துக்கே தண்டனை விதிக்கலாம். தண்டனைத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு இப்படி விடுவிக்கப்பட்டவரைப் பாதிக்காது என்று 12-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பும் அத்தோடு போய்விடும். அதே 9-ஆம் பிரிவில் இன்னொரு வழியும் உண்டு: முதல் தவறாக இருந்தால், பிணையை அப்படியே தொடரவிட்டு ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத தொகையை மட்டும் விதிக்கலாம். இலவசச் சட்ட உதவியில் வந்த வழக்கறிஞர் இதை எடுத்துச் சொன்னார். நீதிபதி கொள்முதல் நிலையத்தில் எழுதி வாங்கிய சீட்டைப் பார்த்துவிட்டு ஐம்பது ரூபாயோடு விட்டார். அன்றைய கூலியும் பேருந்துச் செலவும் அதைவிட அதிகம்.

பங்குனியில் புதிய அலுவலர் பொறுப்பேற்றார். முதல் சந்திப்பிலேயே அவர் பதிவேட்டைத் திறந்து, தம்பியின் பக்கத்தில் குறிப்புக்கான கட்டத்தில் இரண்டு இடங்களில் இருந்த “வரவில்லை” என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, “ஏன் வரலைன்னு இதுல இல்லையே, தம்பி?” என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காவலர் யாரும் இல்லாமல் தனியாக எங்கள் ஊருக்கு வந்து, திண்ணையில் அம்மாவோடு உட்கார்ந்து பேசினார். பிறகு தெருமுனையில் இருக்கும் பங்காளி வீட்டுக்கும் போய், இழப்பீட்டுத் தவணை ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்தார். காயம்பட்டவரையும் ஒருவர் தேடிப் போய்க் கேட்டது, இரண்டு வீட்டுக்கும் இடையில் நின்றுபோயிருந்த பேச்சு மீண்டும் தொடங்கக் காரணமாயிற்று.

அறுவடை மாதங்களில் கையெழுத்துத் தேதியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். வர முடியாவிட்டால் முந்தின நாளே பேச வேண்டும் என்பது கண்டிப்பு. ஒருமுறை தம்பி குடித்துவிட்டு வந்த செய்தி அவருக்கு எட்டியபோது மறைக்கவும் இல்லை, நீதிமன்றத்துக்கு ஓடவும் இல்லை. மூன்று மாதங்களுக்கு வாரம் ஒருமுறை நேரில் வரச் சொன்னார். பதிவேட்டில் இப்போது “லாரி லோடு, போனில் பேசினார், ஞாயிறு வீட்டில் சந்திப்பு” என்ற வகையில் எழுதப்படுகிறது. இந்த மாசியிலும் லாரிகள் வந்தன. ஒரு “வரவில்லை”கூட விழவில்லை.

ஓர் அலுவலரின் நல்ல மனதை வைத்து மட்டும் இதைப் புகழ்கிறேனோ என்ற ஐயம் எனக்கே வந்தது. அதனால் இந்தப் பிரச்சினையை அளந்து பார்த்திருக்கும் அமெரிக்காவில் என்ன கண்டார்கள் என்று தேடிப் படித்தேன். அங்கே பரோல் என்பது சிறையிலிருந்து நிபந்தனையோடு முன்கூட்டி விடுவிப்பது. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டு விதிகளின்படி கைதிக்குக் கிடைக்கும் விடுப்பைத்தான் நாம் பரோல் என்கிறோம். அங்கே மாநிலச் சிறைகளுக்குள் வருவோரில் 45 சதவீதம் பேர் நன்னடத்தைப் பிணையையோ பரோலையோ மீறியதால் வருபவர்கள் என்று 2019-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. மொத்த வரவில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் புதிய குற்றம் எதுவும் இல்லாமல், தேதி தவறியது போன்ற விதிமீறலுக்காக மட்டுமே உள்ளே போனவர்.

இதைக் குறைக்க ஹவாய் மாநிலத்தில் 2004-இல் ஒரு முயற்சி தொடங்கியது. ஒவ்வொரு மீறலுக்கும் உடனே, தவறாமல், ஆனால் ஓரிரு நாள் காவல் என்ற அளவில் சிறிய தண்டனை. 2009-இல் வந்த மதிப்பீட்டில், பிணை ரத்தாவது 53 சதவீதமும், புதிய கைது 55 சதவீதமும் குறைந்ததாகத் தெரிந்தது. அதைப் பார்த்து ஆர்கன்சா, மாசசூசெட்ஸ், ஓரிகன், டெக்சஸ் ஆகிய நான்கு மாநிலங்களில் அதே முறையைச் செய்து பார்த்தார்கள். 2016-இல் வெளிவந்த முடிவில் மறுபடி குற்றம் செய்வதில் பொதுவாக வேறுபாடு காணப்படவில்லை. ஓர் ஊரில் விளைந்த விதையை எல்லா மண்ணிலும் தூவினால் விளைந்துவிடாது என்பது விவசாயக் குடும்பத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறொன்று. அறிக்கை அனுப்பாமலே இருந்தாலும் ரத்து எண்ணிக்கை குறையும். ஆகவே அந்த எண்ணிக்கையோடு, விடப்பட்டவர்கள் புதிய குற்றம் செய்தார்களா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் மதிப்பீடு உண்மையாகும். எங்கள் அலுவலரின் முறை இந்த இரண்டாவது சோதனையிலும் தேறுகிறது. பங்காளியின் வாயாலேயே அதைக் கேட்கலாம்.

குறைகளும் உண்டு. நிபந்தனைகளை எளிய தமிழில் அச்சிட்டு யாரும் கையில் தரவில்லை; நீதிமன்றத்தில் வேகமாக வாசித்ததுதான், ஊரை விட்டு வெளியே தங்கக் கூடாது என்பதுகூட எங்களுக்கு வெகுநாள் கழித்தே புரிந்தது. நியூயார்க் நகரில் நீதிமன்றத் தேதியைக் குறுஞ்செய்தியில் நினைவூட்டியபோது வராதவர்கள் குறைந்தார்கள். எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கும் நம் மாவட்டத்தில் அது பெரிய செலவாகாது. தேவைப்பட்டால் தகுந்த வேலை தேடித்தர முயல வேண்டும் என்று 14-ஆம் பிரிவே சொல்கிறது. அறுவடை முடிந்து மேட்டூர் திறக்கும் வரையிலான மாதங்களில் தம்பி சும்மா இருந்தான், அந்தப் பக்கம் எந்த முயற்சியும் நடக்கவில்லை. தண்ணீரும் கூலியும் இல்லாத அந்த மாதங்களில்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சண்டை சச்சரவு வரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, முதலில் இருந்தவருக்கும் இப்போது இருப்பவருக்கும் சட்டம் ஒன்றே, பதிவேடும் ஒன்றே என்பது. அறிக்கை அனுப்புவதற்கு முன் ஒருமுறையாவது நேரில் விசாரித்துக் காரணத்தைப் பதிய வேண்டும் என்று துறை எழுத்தில் கட்டாயமாக்கினால், இந்தச் சேவை ஆளைப் பொறுத்து மாறாது.

பிணையில் இருப்பவர்களின் வீட்டாருக்குச் சில வார்த்தைகள். பிணைப்பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தேதி தவறினால் வேலை செய்த இடத்தில் அன்றே எழுதி வாங்குங்கள். சம்மன் வந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேளுங்கள். நடத்தை திருப்தியாக இருந்தால், பிணையை முன்கூட்டியே முடித்துவைக்கும்படி நன்னடத்தை அலுவலர் 8-ஆம் பிரிவின்படி நீதிமன்றத்தை வேண்டலாம். எங்கள் அலுவலர் போன வாரம் அந்த மனுவை எழுதி, தம்பியிடம் படித்துக் காட்டினார். உத்தரவு வரும்வரை கையெழுத்து தொடர்கிறது. அடுத்தது பங்குனி இரண்டாம் ஞாயிறு, எங்கள் வீட்டுத் திண்ணையில்.