இரவில் நான்கு முறை எழும் அப்பச்சிக்கு: உள்ளே குளியலறையா, கமோட் நாற்காலியா, கேனா?

எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவும் அப்படித்தான்: முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அதன்பின் கிணறு, கிணற்றுக்குப் பக்கத்தில் கழிப்பறை. எங்கள் பக்கம் அப்பாவை அப்பச்சி என்போம், அம்மாவை ஆத்தா என்போம். அப்பச்சி படுப்பது வளவை ஒட்டிய அறையில். அங்கிருந்து கழிப்பறைக்கு எட்டு வைத்து எண்ணிப் பார்த்தேன், 72 எட்டு. நடுவில் மூன்று நிலைப்படி. மழைச்சாரல் விழுந்த இரவென்றால் வளவு ஓரத்து ஆத்தங்குடித் தரைக்கல்லில் கால் நிற்காது.

அப்பச்சிக்கு வயது 79. இரவில் நான்கு முறை எழுந்து கொண்டிருந்தார். போன ஐப்பசியில் இரண்டாவது நிலைப்படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகியது. இடுப்பெலும்பு தப்பியதே பெரிது. அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தோம். முன்னால் இருந்த வழிகள் நான்கு: அவர் அறைக்குப் பக்கத்தில் குளியலறை கட்டுவது, கமோட் நாற்காலி வாங்குவது, கட்டிலருகே யூரின் கேன் வைப்பது, இரவுக்கு மட்டும் டயபர் கட்டுவது. நாங்கள் தேர்ந்தது கேன். ஏன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

டயபரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மதுரைக்குக் காரில் போகும்போது இரண்டு முறை கட்டியிருக்கிறோம், உதவியது. தினமும் இரவில் கட்டினால் தோல் என்ன ஆகும் என்று எனக்கு அனுபவம் இல்லை. எழுந்து நிற்க முடிகிற, தெளிவாகப் பேசுகிற மனிதருக்கு அதை வழக்கமாக்குவதில் எனக்கு மனமும் இல்லை. அவரும் ஒரு வார்த்தைதான் சொன்னார்: “வேண்டாம்ப்பா.”

குளியலறைதான் எல்லோரும் முதலில் சொன்ன யோசனை. கொத்தனார் வந்து பார்த்து இரண்டரை லட்சம் என்றார். பணத்தைவிடப் பெரிய தடைகள் இரண்டு. ஒன்று, வீடு எங்கள் ஒரு புள்ளிக்கு, அதாவது எங்கள் ஒரு குடும்பத்துக்கு மட்டும், சொந்தமில்லை. வளவைச் சுற்றி இருக்கும் அறைகளில் பங்காளிகளுக்கும் பங்கு உண்டு. சுவரை உடைக்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும். சாமி அறைக்கு எதிரே கழிப்பறையா என்று ஆத்தாவே முகம் சுளித்தார். இரண்டு, சுவர் சுண்ணாம்புச் சுவர். தினமும் தண்ணீர் புழங்கும் அறையை அதை ஒட்டி வைத்தால் ஈரம் ஏறும், பூச்சு உப்பி உதிரும். மேலே தேக்கு உத்திரம். இதற்கெல்லாம் ஆயுள் முழுக்கப் பராமரிப்பு வேண்டும். புது வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அவர்களுக்கு நான் குளியலறையைத்தான் சொல்வேன்.

மீதி இருந்தவை நாற்காலியும் கேனும். கடைக்காரரிடம் கேட்டால் வசதியைத்தான் சொல்வார், விலையைத்தான் சொல்வார். எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: காலையில் அதை யார் எடுத்துக் கொட்டிக் கழுவுவது, எத்தனை நாள் முகம் மாறாமல் செய்ய முடியும் என்பது.

கமோட் நாற்காலியை நாங்கள் மூன்று வாரம் வைத்திருந்தோம். ஆத்தாவுக்கு முழங்கால் அறுவை முடிந்த சமயம் அது. அடியில் ஒரு வாளி. இரவு முழுவதும் சேர்ந்தது ஒன்றரை லிட்டர் இருக்கும். மூடி சரியாகப் பொருந்தாத அந்த வாளியை 72 எட்டு, மூன்று நிலைப்படி தாண்டித் தளும்பாமல் கொண்டுபோவது தினமும் ஒரு பரீட்சை. மெத்தைப் பகுதியின் தையல் வழியாக ஈரம் உள்ளே போய்விட்டது. அதன்பின் எத்தனை சோப்புப் போட்டாலும் வாடை போகவில்லை. கால் குழாய்கள் சேரும் இடத்தில் துரு பிடித்து, தரையில் செம்பழுப்புக் கறை விழுந்தது. ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்வது. கறை போக வேண்டுமென்று கழிப்பறை ஆசிட்டை ஊற்றினால் கறையோடு கல்லின் மேற்பூச்சும் பூவும் சேர்ந்து அரித்துப் போகும். அந்தக் கறை இன்னும் அப்படியே இருக்கிறது.

கேன் ஒரு லிட்டர் அளவு. வாய் சாய்வாக இருக்கும், அழுத்தி மூடுகிற மூடி, பக்கத்தில் மில்லி கோடுகள். இரண்டு வாங்கினேன், இரண்டும் சேர்த்து 400 ரூபாய்க்குள். ஒன்று நிறையும் முன்பே அடுத்தது கைக்கு எட்டும். காலையில் மூடியை அழுத்தி, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒரு சொட்டும் சிந்தாது. கிணற்றடியில் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சோப்பும் வெந்நீரும் விட்டுக் குலுக்கி, தலைகீழாக வெயிலில் வைத்துவிடுவேன். பத்து நிமிட வேலை. சிறுநீர் தேங்கினால்தான் கிருமிகள் யூரியாவை அம்மோனியாவாக மாற்றி நெடி கிளம்பும். விடிந்ததும் கொட்டினால் அறையில் வாடையே இருக்காது. வாரம் ஒருமுறை அடியில் வெள்ளையாகப் படிவதைக் கரைக்க வினிகர் ஊற்றி அரை மணி ஊறவைக்கிறேன். ப்ளீச்சிங் பவுடரை மட்டும் இதில் போடவே கூடாது. சிறுநீரோடும் வினிகரோடும் சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

முதல் மாதம் அப்பச்சிக்குக் கூச்சம். மகன் தன் கேனைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க மாட்டார், எழுந்து முகப்புக்குப் போய்விடுவார். நான் எதுவும் பேசவில்லை. இரண்டாவது மாதம், “நாலாவது தடவை போனது மூடி சரியா விழலை, பாத்துத் தூக்கு” என்று அவரே சொன்னார்.

கேனின் இன்னொரு பயன் நான் எதிர்பாராதது. தினமும் கொட்டுகிறவன் நான் என்பதால் கோடுகள் கண்ணில் பட்டன. நான்கால் வகுத்தால் ஒவ்வொரு முறையும் 250, 300 மில்லி. இதை டாக்டரிடம் சொன்னதும், மூன்று நாள் பகலிலும் கேனில் பிடித்து நேரத்தோடு எழுதி வரச் சொன்னார். எழுதிப் பார்த்தால் பகல் முழுவதும் சுமார் 750 மில்லி, இரவிலும் விடிந்ததும் போகும் முதல் முறையும் சேர்த்து 1350. வயதானவர்களுக்கு ஒரு நாள் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் வந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயமாம். அப்பச்சிக்கு பாதிக்கு மேல்.

அதுவரை நாங்கள் எல்லாவற்றையும் புராஸ்டேட் சுரப்பியின் தலையில் போட்டிருந்தோம். ஸ்கேனில் அது கொஞ்சம்தான் பெருத்திருந்தது, போன பிறகு சிறுநீர்ப்பையில் தங்குவதும் அதிகமில்லை. புராஸ்டேட் அடைப்போ, பை அடிக்கடி சுருங்கும் கோளாறோ மட்டுமென்றால் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். இங்கே பை நிறைந்தே வருகிறது. அப்படியானால் கோளாறு பையில் இல்லை, இரவில் நீர் அதிகம் உற்பத்தியாவதில். டாக்டர் அப்பச்சியின் கணுக்காலை அழுத்திப் பார்த்தார். குழி விழுந்தது. நாள் முழுவதும் திண்ணையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவர். போதாததற்கு அவர் சாப்பிட்ட ரத்தக்கொதிப்பு மாத்திரை அம்லோடிபின், அதற்குக் கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவு. பகலில் காலில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. இதயம் பலவீனமானாலும் இதே வீக்கம் வரும் என்பதால் எக்கோ எடுத்துப் பார்த்து, சர்க்கரையும் பார்த்து, பிறகுதான் மாத்திரையை மாற்றினார். மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுக்கச் சொன்னார். நடக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றினோம். மோர் மிளகாயும் வற்றலும் இரவுச் சாப்பாட்டிலிருந்து போயின. உப்பு கூடினால் தாகமும் கூடும், இரவில் போவதும் கூடும். ஆறு மணிக் காபி மூன்று மணிக்கு வந்தது. இப்போது இரவில் இரண்டு முறை, சில நாள் ஒன்று.

உறவில் பலரும் சொன்ன யோசனை, மாலை ஐந்துக்குமேல் தண்ணீரே கொடுக்காதே என்பது. இந்த ஊர் வெயிலில் அதை ஏற்க முடியாது. நீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து பையை இன்னும் உறுத்தும், மலச்சிக்கல் வரும், மலச்சிக்கலும் பையை அழுத்தும். மொத்தத் தண்ணீரைக் குறைக்கவில்லை. முக்கால்வாசியைக் காலையிலும் மதியத்திலும் கொடுத்துவிட்டு, ஏழு மணிக்குமேல் தொண்டை நனையும் அளவுக்கு மட்டும்.

மாத்திரையாலேயே சரிசெய்யலாம் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் போன்றவை எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சரித்துத் தலைசுற்ற வைக்கலாம். இருட்டில் 72 எட்டு நடப்பவருக்கு அது ஆபத்து. இரவு சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரெசின் வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடக்கூடும், டாக்டர் ரத்தப் பரிசோதனையோடுதான் தருவார். நாமாக வாங்கிக் கொடுக்கும் மருந்துகள் அல்ல இவை. சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், திடீரென்று வராமல் அடைத்துக்கொள்வது, இவற்றில் எது வந்தாலும் கேனும் நாற்காலியும் பேச்சில்லை, அன்றே ஆஸ்பத்திரி.

பெண்களுக்கு இந்தக் கணக்கு மாறும். கேனில் பெண்களுக்கென்றே அகலவாய் வகை உண்டு, ஆனால் ஆத்தா படுத்த நிலையில் அதைப் பிடிக்க மறுத்துவிட்டார். உட்கார்ந்தால்தான் வரும் என்கிறார். அவருக்கு நாற்காலிதான், பராமரிப்புத் தொல்லையோடு சேர்த்து. அடுத்த முறை வாங்கினால் மெத்தை இல்லாத, முழுக்கப் பிளாஸ்டிக் இருக்கையும் துரு ஏறாத கால்களும் உள்ளதாக வாங்குவேன்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. இரண்டாங்கட்டின் ஓரத்தில் பழைய சாமான் அறை ஒன்று உண்டு. அங்கே ஏற்கெனவே தண்ணீர் குழாயும், தெருச் சாக்கடைக்கு வழியும் இருக்கின்றன. சாமி அறையும் அங்கே எதிரில் இல்லை. அப்பச்சி அறையிலிருந்து 20 எட்டுதான். அடுத்த படைப்புக்கு (முன்னோரைக் கும்பிடும் நாள்) பங்காளிகள் கூடும்போது, அங்கே கழிப்பறை கட்டலாமே என்று எடுத்துச் சொல்லிப் பார்க்கப் போகிறேன்.